கல்லீரலில் ஒரு நீர்க்கட்டி: எங்கள் வகுப்பு கற்ற பாடம்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி ஒருத்தி, வகுப்பின் சார்பில் எழுதியது)

முன்னுரை

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்பது நாம் சிறு வயது முதல் கேட்டுவரும் பழமொழி. கட்டுரைப் போட்டிக்கு எழுதும்போதெல்லாம் அதை முதல் வரியாக எழுதி மதிப்பெண் பெற்றிருக்கிறோம். அதன் பொருளை இந்த ஆண்டுதான் அறிந்தோம். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் கல்லீரலில் ஒட்டுண்ணியால் உண்டான நீர்க்கட்டி ஒன்று இருந்தது. சென்ற ஜூன் மாதத்தில் அறுவைச் சிகிச்சை செய்து அதை அகற்றினார்கள். அவள் உடல் தேறிய விதத்தையும், அந்த நோயைப் பற்றி நாங்கள் கற்றதையும், கற்கும் முன்பு நாங்கள் செய்த ஒரு பிழையையும் இக்கட்டுரையில் கூற விரும்புகிறோம். தோழியின் அனுமதி பெற்றே எழுதுகிறோம். பெயரை மட்டும் விட்டுவிடச் சொன்னாள்.

நோய் தெரிந்த கதை

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போதே அவளுக்கு வலது விலாவின் கீழே ஒரு பாரம் இருந்தது. ஓடினால் வலிக்கும், சாப்பிட்டால் வயிறு உடனே நிறைந்துவிட்டது போலிருக்கும். "வாயுதான்" என்று ஓமத்தண்ணீர் கொடுத்தார்கள். "காலையில் சாப்பிடாமல் வருகிறாள், குடல்புண்ணாக இருக்கும்" என்று மருந்துக் கடையில் ஏதோ மாத்திரை வாங்கினார்கள். கோடை விடுமுறையில் வலி அதிகரிக்கவே மருத்துவமனைக்குச் சென்றனர். ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது கல்லீரலின் வலப்பக்கத்தில் ஒரு சாத்துக்குடி அளவில் நீர் நிறைந்த கட்டி தெரிந்தது.

மருத்துவர் கேட்ட முதல் கேள்வி அவளுடைய தாயாரை வியப்பில் ஆழ்த்தியது. "வீட்டில் நாய் வளர்க்கிறீர்களா? பக்கத்தில் ஆடு உண்டா?" என்றாராம். வயிற்று வலிக்கும் நாய்க்கும் என்ன தொடர்பு? ஆனால் இரண்டுமே உண்டுதான். அவளுடைய பாட்டி ஊரில் ஆட்டுக்கிடையும் உண்டு, கிடையைக் காக்கும் நாய்களும் உண்டு. சிறு வயது முதல் விடுமுறை தோறும் அந்த நாய்களோடு கட்டிப் புரண்டு விளையாடியவள் அவள்.

நாடாப்புழுவின் வாழ்க்கை வட்டம்

இந்நோயை உண்டாக்குவது ஒரு வகை நாடாப்புழு. அதன் அறிவியல் பெயர் எகினோகாக்கஸ் கிரானுலோசஸ் என்பதாகும். கிரேக்க மொழியில் எகினோஸ் என்றால் முள்ளெலி, கொக்கோஸ் என்றால் மணி. புழுவின் தலையில் முள் போன்ற கொக்கிகள் இருப்பதால் இப்பெயர் வந்தது. நாடாப்புழு என்றவுடன் பல அடி நீளமுள்ள புழுவை நாம் எண்ணிக்கொள்கிறோம். இதுவோ 2 முதல் 7 மில்லிமீட்டர் நீளமே உடையது. ஓர் அரிசி மணியை விடப் பெரிதன்று.

வளர்ந்த புழு நாயின் சிறுகுடலில் வாழ்கிறது. நாய்க்கு அதனால் பெரும்பாலும் துன்பம் எதுவும் இல்லை. புழுவின் முட்டைகள் நாயின் மலத்தோடு வெளியேறி மண்ணிலும் புல்லிலும் தண்ணீரிலும் கலக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அம்முட்டைகள் குளிர்ச்சியும் ஈரமும் உள்ள இடத்தில் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். கடும் வெயிலும் வறட்சியும் அவற்றைக் கொல்லும்.

புல் மேயும் ஆடு அந்த முட்டைகளை விழுங்குகிறது. ஆட்டின் குடலில் முட்டை பொரிந்து, அதிலிருந்து வரும் இளம் உயிர் குடற்சுவரைத் துளைத்து இரத்தத்தோடு கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ சென்று தங்குகிறது. அங்கே நீர் நிறைந்த கட்டியாக மெல்ல வளர்கிறது. அந்த ஆட்டை அறுக்கும்போது, கட்டியுள்ள ஈரலை வேண்டாமென்று நாய்க்கு வீசுகிறார்கள். நாய் அதைத் தின்றவுடன் கட்டிக்குள் இருந்த எண்ணற்ற இளம் புழுத்தலைகள் நாயின் குடலில் வளர்ந்து, சில வாரங்களில் மீண்டும் முட்டையிடத் தொடங்குகின்றன. நாயிலிருந்து ஆடு, ஆட்டிலிருந்து நாய் என்று இவ்வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

இந்த வட்டத்தில் மனிதன் தற்செயலாக நுழைகிறான். நாயைத் தடவிய கையைக் கழுவாமல் உண்பதாலும், முட்டை கலந்த நீரைக் குடிப்பதாலும், சரியாகக் கழுவாத கீரை, காய்களை உண்பதாலும் முட்டை அவன் வயிற்றுக்குள் செல்கிறது. ஏறக்குறைய நூற்றுக்கு எழுபது பேருக்குக் கல்லீரலிலும், இருபது பேருக்கு நுரையீரலிலும் கட்டி உண்டாகிறது. கட்டி பெரும்பாலும் மெல்ல வளர்வதால் பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் தோன்றாமல் இருக்கலாம். எங்கள் தோழி அந்த முட்டையை எந்த வயதில் விழுங்கினாள் என்பதை யாராலும் சொல்ல முடியாது. இந்தியாவில் ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலும் இந்நோய் மிகுதியாகக் காணப்பட்டிருக்கிறது. எனவே இது எங்கோ தொலைதூரத்து நோய் அன்று.

இளநீர் உவமை

கட்டி எப்படி இருக்கும் என்பதை எங்கள் அறிவியல் ஆசிரியையான சிஸ்டர் ஓர் இளநீரை வைத்து விளக்கினார். மட்டை இருக்கிறதே, அது நம் உடல் தன்னைக் காத்துக்கொள்ளக் கட்டும் சுவர். உள்ளே உள்ள வெள்ளை வழுக்கை புழு கட்டிக்கொள்ளும் சுவர். வழுக்கையின் உட்புறம் மெல்லிய ஏடு ஒன்று உண்டு. புழுத்தலைகளை உண்டாக்குவது அந்த ஏடுதான். நடுவே உள்ள தெளிந்த நீரில் அவை நுண்ணிய மணல் போல் படிந்திருக்கும். சில கட்டிகளுக்குள் திராட்சைப் பழங்கள் போல் சிறு சிறு குட்டிக் கட்டிகளும் இருக்கும்.

"இளநீரைச் சீவும்போது தண்ணீர் சிந்தினால் தரைதான் ஈரமாகும். இந்தக் கட்டியின் நீர் வயிற்றுக்குள் சிந்தினால் என்ன ஆகும்?" என்று சிஸ்டர் கேட்டார். இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று, அந்த நீரை உடல் ஏற்காமல் திடீரென ஒவ்வாமை தோன்றி, இரத்த அழுத்தம் குறைந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். மற்றொன்று, சிந்திய ஒவ்வொரு புழுத்தலையும் புதிய கட்டியாக வளரலாம். இதனால்தான் இந்த அறுவைச் சிகிச்சையில் மிகுந்த எச்சரிக்கை தேவைப்படுகிறது.

அறுவைச் சிகிச்சை

எல்லாக் கட்டிகளுக்கும் கத்தி தேவையில்லை. சிறிய கட்டிகள் அல்பெண்டசோல் என்னும் மாத்திரைக்கே அடங்கிவிடும். சிலவற்றை ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசியால் குத்தி நீரை எடுத்து, புழுக்கொல்லி மருந்தைச் செலுத்தி, மீண்டும் உறிஞ்சி எடுப்பர். தானாகவே செயலிழந்து சுண்ணாம்பு படிந்த கட்டிகளை ஒன்றும் செய்யாமல் கண்காணித்து வருவர். எங்கள் தோழியின் கட்டி பெரியது. உள்ளே குட்டிக் கட்டிகளும் இருந்தன. கல்லீரலின் மேற்பரப்பிலேயே இருந்ததால் ஓர் அடி பட்டால்கூட உடையக்கூடும். ஆகவே அறுவைச் சிகிச்சையே நல்லது என்று முடிவு செய்தார்கள்.

முதலில் சில நாள்கள் அல்பெண்டசோல் கொடுத்தார்கள். அறுவையின்போது கட்டியைச் சுற்றி உப்புக் கரைசலில் நனைத்த துணிகளை அணைபோல் அடுக்கினார்கள். பிறகு நீரை உறிஞ்சி, செறிந்த உப்புக் கரைசலை உள்ளே விட்டுப் புழுத்தலைகள் சாகும்வரை காத்திருந்து, வெள்ளைச் சவ்வை முழுவதுமாக எடுத்தார்கள். எஞ்சிய குழியில் வயிற்றுக்குள் இயல்பாக உள்ள கொழுப்புத் திரையின் ஒரு பகுதியை வைத்து நிரப்பி, கசியும் நீர் வெளியேற ஒரு ரப்பர் குழாயையும் வைத்துத் தைத்தார்கள். இவற்றையெல்லாம் மருத்துவர் பிறகு படம் போட்டு அவளுக்கு விளக்கினாராம்.

உடல் தேறிய நாள்கள்

"ஆபரேஷன் நடந்தது எனக்குத் தெரியாது. தூங்கினேன், எழுந்தேன். அதற்குப் பிறகுதான் எனக்கு வேலை" என்று அவள் கூறினாள்.

முதல் வேலை மூச்சு விடுவது. விலாவின் கீழே தையல் இருந்தால் ஆழ்ந்து மூச்சு விட வலிக்கும். வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டால் நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் வரும். ஆகவே மூன்று பந்துகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்து, மூச்சை இழுத்துப் பந்துகளை மேலே எழுப்பச் சொன்னார்கள். முதல் நாள் ஒரு பந்துகூட அசையவில்லை. ஐந்தாம் நாள் இரண்டு பந்துகள் எழும்பின. இருமும்போது வயிற்றின் மேல் தலையணையை அணைத்துக்கொள்ள நர்ஸ் அக்கா கற்றுக்கொடுத்தார். அந்த எளிய வழி வலியைப் பாதியாகக் குறைத்தது என்றாள்.

இரண்டாம் வேலை நடப்பது. மறுநாளே எழுப்பி உட்கார வைத்தார்கள். அதற்கடுத்த நாள் நடக்கச் சொன்னார்கள். "பெற்ற பிள்ளையை இப்படிப் படுத்துகிறார்களே" என்று அவளுடைய தாயார் அழுதாராம். ஆனால் படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் உறையலாம். குடலும் விரைவில் வேலை செய்யாது.

மூன்றாவது, பொறுமை. குழாயில் வந்த நீர் மூன்றாம் நாள் பச்சை கலந்த மஞ்சளாக மாறியது. வீட்டார் அஞ்சினர். கட்டி இருந்த குழிக்குள் சிறு பித்தக்குழாய் ஒன்றின் வாய் திறந்திருக்கிறது, இந்த அறுவையில் இது நேரக்கூடியதே, பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும் என்று மருத்துவர் விளக்கினார். தோழி ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் அளவைக் குறித்து வைத்தாள்: 80 மில்லி, 65, 40, 30, 10. பிறகு அதை வரைபடத் தாளில் புள்ளி வைத்து இணைத்தாள். கணக்கில் வரைபடம் என்றாலே ஓடுபவள், அந்தக் கோடு இறங்குவதை நாள்தோறும் ஆவலோடு பார்த்திருந்தாளாம். கோடு அடியைத் தொட்ட பின்பு குழாயை எடுத்தார்கள்.

வீடு திரும்பியதும் பத்தியப் பேச்சு தொடங்கியது. அக்கம்பக்கத்தார் ஆளுக்கொன்றாக விலக்கினார்கள். முட்டை ஆகாது, மீன் ஆகாது, எண்ணெய் கூடவே கூடாது என்றார்கள். மருத்துவரோ, புண் ஆறப் புரதம் வேண்டும், பருப்பும் முட்டையும் மீனும் கொடுங்கள் என்றார். அல்பெண்டசோல் மாத்திரையை வெறும் வயிற்றில் உண்பதைவிடச் சிறிது கொழுப்புள்ள உணவோடு உண்டால்தான் உடலில் நன்கு சேரும் என்றும் கூறினார். அதனால் நெய் விட்ட பருப்புச் சாதமே அவளுக்கு மருந்தாயிற்று. அந்த மாத்திரை சிலருக்குக் கல்லீரலையும் இரத்த அணுக்களையும் பாதிக்கக்கூடும் என்பதால் இடையிடையே இரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். காய்ச்சல், மஞ்சள் காமாலை, புண்ணில் சீழ், உடலில் தடிப்பு இவற்றில் எது தோன்றினாலும் உடனே வர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாள் இன்றும் அவர்கள் வீட்டு அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது.

நாங்கள் செய்த பிழை

அவள் மருத்துவமனையில் இருந்த நாள்களில் காலைச் செபத்தில் அவள் பெயரைச் சொல்லி மன்றாடினோம். எல்லோரும் கையொப்பமிட்டு ஓர் அட்டை அனுப்பினோம். சுதந்திர தினத்திற்கு மறுவாரம் அவள் பள்ளிக்கு வந்தாள். மெலிந்திருந்தாள். ஆனால் சிரித்துக்கொண்டே வந்தாள்.

அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் எங்களுள் ஒருத்தி தன் டிபன் பாக்ஸைச் சற்றுத் தள்ளி வைத்தாள். "புழுவாமே, ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது?" என்று மற்றொருத்தி காதில் சொன்னாள். யாரும் அவளை வெறுக்கவில்லை. ஆனால் அவள் வழக்கமாக அமரும் இடத்தில் வேறொருத்தி அமர்ந்தாள்; அவள் நீட்டிய துவையலை "வேண்டாம்டி, வயிறு நிறைந்துவிட்டது" என்று எல்லோரும் மறுத்தோம். மறுநாள் அவள் வேப்பமரத்தடியில் தனியே உண்டாள். மூன்று நாள்கள் இப்படியே சென்றன. அவள் யாரிடமும் குறை கூறவில்லை.

நான்காம் நாள் சிஸ்டர் வகுப்புக்கு வந்ததும் கரும்பலகையில் நாய், ஆடு, மனிதன் என்று மூன்று வட்டங்கள் வரைந்தார். நாயிலிருந்து ஆட்டுக்கு ஓர் அம்புக்குறி. ஆட்டிலிருந்து நாய்க்கு ஓர் அம்புக்குறி. நாயிலிருந்து மனிதனுக்கு ஓர் அம்புக்குறி. ஒவ்வொன்றையும் விளக்கிவிட்டு, சுண்ணக்கட்டியை எங்கள் பக்கம் நீட்டி, "பிள்ளைகளே, மனிதனிடமிருந்து வெளியே போகும் அம்புக்குறியை யார் வந்து வரைகிறீர்கள்?" என்றார்.

யாரும் எழவில்லை. எண்ணிப் பார்த்தோம். முட்டையிடும் புழு மனிதனின் குடலில் வாழ்வதில்லை. மனிதனுக்குள் இருப்பது கட்டி மட்டுமே. அது அவன் மூச்சிலும் வராது, எச்சிலிலும் வராது, மலத்திலும் வராது. ஒரே தட்டில் உண்டாலும் மற்றவருக்குத் தொற்றாது. அந்த அம்புக்குறியை வரைய இடமே இல்லை.

சிஸ்டர் யாரையும் பெயர் சொல்லிக் கண்டிக்கவில்லை. சுண்ணக்கட்டியை மேசைமேல் வைத்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார். கண்டித்திருந்தால்கூட அவ்வளவு வெட்கப்பட்டிருக்க மாட்டோம். மன்றாட்டில் அவள் பெயரைச் சொன்ன அதே வாயால்தான் அவள் துவையலை மறுத்தோம்.

அன்று மதியம் நாங்கள் எல்லோரும் வேப்பமரத்தடிக்குச் சென்றோம். மன்னிப்புக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. அவள்தான் டிபன் பாக்ஸைத் திறந்து, "இன்றைக்காவது வயிற்றில் இடம் இருக்கிறதா?" என்று கேட்டாள். சிலர் அழுதோம், பிறகு எல்லோரும் சிரித்தோம். துவையல் ஆளுக்கு ஒரு விரல் நுனியளவே கிடைத்தது.

மூன்று மாதம் பாரம் தூக்கக் கூடாது என்பது மருத்துவர் கட்டளை. எங்கள் வகுப்போ மாடியில் இருக்கிறது. நாள் முறை வைத்து அவளுடைய புத்தகப் பையைத் தூக்கினோம். ஆர்வ மிகுதியால் அவளையே இருபுறமும் தாங்கிப் பிடித்துப் படியேற்றத் தொடங்கினோம். "தூக்க வேண்டியது பையைத்தான், என்னை அல்ல" என்று கையை விடுவித்துக்கொண்டு அவளே ஏறினாள். உதவிக்கும் ஓர் அளவு உண்டு என்பதையும் அன்று கற்றோம்.

வருமுன் காப்பது எப்படி?

மற்றொரு தவறான எண்ணத்தையும் இங்கே நீக்க விரும்புகிறோம். ஆட்டு ஈரல் தின்றதால் இந்நோய் வந்தது என்று எங்களுள் சிலர் எண்ணினோம். அது தவறு. ஈரலிலுள்ள கட்டி நாய்க்குத்தான் நோயைத் தருமேயன்றி மனிதனுக்கு நேரே தருவதில்லை. மனிதனுக்கு நோயைத் தருவது நாயின் வயிற்றிலிருந்து வெளிவரும் முட்டைகளே.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை இவை. திருவிழாவிலும் வீட்டிலும் ஆடு அறுத்தால், கட்டியுள்ள ஈரலையும் நுரையீரலையும் நாய்க்கு வீசாமல் எரிக்க வேண்டும் அல்லது நாய் தோண்டாதபடி ஆழமாகப் புதைக்க வேண்டும். வளர்ப்பு நாய்களுக்குக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு முறையாகப் பூச்சி மருந்து தர வேண்டும். பிராசிகுவான்டெல் என்னும் மருந்து நாயின் குடலிலுள்ள இப்புழுவைக் கொல்லும். நாயைத் தொட்ட பின்னும், மண்ணில் விளையாடிய பின்னும், உண்ணும் முன்னும் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும். கீரையையும் காய்களையும் பலமுறை அலசி, தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பது நன்று. நாய் நம் பகைவன் அன்று. அதற்கு நோயுள்ள ஈரலை வீசுவது நாம்தான்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று சிலர் கேட்கலாம். ஐஸ்லாந்து நாட்டின் வரலாறு அதற்கு விடை. 19-ஆம் நூற்றாண்டில் உலகிலேயே இந்நோய் மிகுந்த நாடுகளுள் ஒன்றாக அது இருந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த ஹரால்ட் கிராபே என்னும் அறிஞர் 1863-இல் அங்கு சென்று நாய்களை ஆராய்ந்தார். 1864-இல் அவர் எழுதிய சிறு நூல் அந்நாட்டு மொழியில் அச்சிடப்பட்டு வீடுகளுக்கு இலவசமாக வழங்கப்பட்டது. மக்கள் அதைப் படித்தார்கள். நாய்க்குக் கட்டியுள்ள ஈரலைக் கொடுப்பதை நிறுத்தினார்கள். பிறகு சட்டங்களும் வந்தன. இன்று அந்நாட்டில் இந்நோய் ஒழிந்துவிட்டது. நியூசிலாந்தும் நெடுங்காலம் முயன்று 2002-ஆம் ஆண்டில் இந்நோய் நீங்கிய நாடாகத் தற்காலிக அறிவிப்பைச் செய்தது. ஒரு சிறு நூலைப் படித்து ஒரு நாடே மாறியது என்றால், படிக்கத் தெரிந்த நாம் நம் வீட்டை மாற்ற முடியாதா?

முடிவுரை

எங்கள் தோழிக்கு டிசம்பர் மாதம் மீண்டும் ஸ்கேன் எடுத்தார்கள். அன்று அவள் விடுப்பில் இருந்தாள். எங்களுக்குப் பாடத்தில் மனம் செல்லவில்லை. மறுநாள் காலை வாயிலிலேயே காத்திருந்தோம். புதிய கட்டி எதுவும் இல்லை, பழைய குழியும் சுருங்கி வருகிறது என்றாள். ஆனாலும் இந்நோய் சிலருக்கு மீண்டும் வரக்கூடும் என்பதால் இன்னும் சில ஆண்டுகள் அவள் ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்த ஸ்கேன் நாளில் நாங்கள் ஒரே வகுப்பில் இருப்போமா, வேறு வேறு பள்ளிகளில் இருப்போமா என்பது தெரியாது. தேதியை மட்டும் எல்லோரும் குறித்து வைத்திருக்கிறோம்.

பொங்கல் விடுமுறைக்கு அவள் பாட்டி ஊருக்குச் சென்று வந்தாள். "நாயைத் தொட்டாயா?" என்று ஆவலோடு கேட்டோம். "தொட்டேன். பூச்சி மருந்து கொடுத்தோம். பிறகு கை கழுவினேன்" என்றாள். பாட்டி வீட்டுக் கொல்லையில் இப்போது ஆழமான ஒரு குழி வெட்டியிருக்கிறார்களாம். ஆடு அறுத்தால் கழிவெல்லாம் அதற்குள்தான் போகிறதாம். பாட்டியைச் சம்மதிக்க வைக்க அவள் கரித்துண்டை எடுத்து, திண்ணைச் சுவரில் மூன்று வட்டங்களை வரைந்து காட்டினாளாம்.